700 ரூபாய் நெய்யும் 28 லிட்டர் பாலும்

ஏரிக்கரை (அல்சூர்):
மச்சான் அனுப்பிய கணக்கு, அப்படியே போடுகிறேன். ஒரு நெய்க்கு 28 லிட்டர் பால் வேண்டும். இங்கே பெங்களூரில் நந்தினி (கர்நாடகக் கூட்டுறவுப் பால் நிறுவனம்) நீலப் பாக்கெட் பால் லிட்டர் 46. பெருக்கினால் 1,288 ரூபாய். கடையில் நெய் 700-க்குக் கிடைக்கிறது. எப்படிக் கட்டுப்படியாகும்? ஒன்று, டப்பாவில் இருப்பது நெய்யே இல்லை. இல்லாவிட்டால் நம் காதில் பூ. இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-ல் நெய்க்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது. நந்தினி நெய் 650-லிருந்து 610-க்கு இறங்கியது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நவம்பரில் 700. நாற்பது இறக்கித் தொண்ணூறு ஏற்றுவதற்கு என்ன பெயர் சார்?

ஊத்துக்குளியான்:
"ஒரு நெய்" என்றால் என்னங்க? கிலோவா, லிட்டரா, கரண்டியா? மச்சான் அனுப்புவதையெல்லாம் இங்கே கொட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கக் கூடாதா?

பசும்பாலில் கொழுப்பு 3.5 சதவீதம் என்று வையுங்கள். லிட்டருக்கு 36 கிராம். ஒரு கிலோ நெய்க்கு 28 லிட்டர், சரி. ஆனால் அந்த 700 ரூபாய் ஒரு லிட்டர் நெய்யின் விலை. ஒரு லிட்டர் நெய்யை நிறுத்துப் பார்த்தால் 910 கிராம்தான் நிற்கும். அதற்கு 25 லிட்டர் போதும். 7 சதவீதம் உள்ள எருமைப் பால் என்றால் 13 லிட்டர். அப்புறம் அந்த நீலப் பாக்கெட். அதில் கொழுப்பு 3 சதவீதம். ஏற்கெனவே கொஞ்சம் வழித்து எடுத்த பால். அதை வைத்து நெய்க் கணக்குப் போடுவது கரும்புச் சக்கையை வாங்கி வந்து வெல்லம் காய்ச்சுவது மாதிரி.

ஏரிக்கரை (அல்சூர்):
ஆக 28 சரி என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

ஊத்துக்குளியான்:
கிலோவுக்கு! கிலோவுக்கு!

சில்க்போர்டில் சிக்கியவன்:
25-ஓ 28-ஓ, இந்தத் தலைவலியே எதற்கு? வெளிநாட்டு வெண்ணெய்க்கு 40 சதவீதம் சுங்க வரி போட்டு கதவைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் நியூசிலாந்து வெண்ணெய் பாதி விலைக்கு வந்து இறங்கும். சிக்னலில் நாற்பது நிமிடமாக நிற்கிறேன், யாராவது மறுத்துப் பேசுங்கள், பொழுது போகட்டும்.

ஊத்துக்குளியான்:
பாதி விலையா! 2025 மே மாதம் நியூசிலாந்து ஏலத்தில் வெண்ணெய் டன் கிட்டத்தட்ட 8,000 டாலர். டாலர் 85 என்று போட்டால் கிலோ 680. கப்பல் கூலி சேர்க்கவில்லை. 40 சதவீத வரி போட்டால் 952. சரி, வரியே வேண்டாம், 680-க்கே வாங்குங்கள். அது வெண்ணெய்ங்க, நெய் இல்லை. வெண்ணெயில் 80 சொச்சம் சதவீதம்தான் கொழுப்பு, மீதி பெரும்பாலும் தண்ணீர். உருக்கினால் நெய் கிலோ 820-க்கு மேல் நிற்கும். எங்கே பாதி?

சில்க்போர்டில் சிக்கியவன்:
உச்சத்தில் இருந்த மாதத்தைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறீர்கள். அதற்கப்புறம் இறங்கியதைச் சொல்லவில்லையே?

ஊத்துக்குளியான்:
இறங்கும்போது வாங்கி, ஏறும்போது நம் ஆளிடம் ஓடி வருவீர்களா? அதுவரை மாடு பட்டினி கிடக்குமா? 2019 நவம்பரில் ஆர்செப் என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தமே வேண்டாம் என்று இந்தியா வெளியே வந்ததற்குப் பால் ஒரு முக்கியக் காரணம். 2022-ல் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்து, அடுத்த வருடம் கொழுப்புக்குத் தட்டுப்பாடு. வெண்ணெயும் நெய்யும் இறக்குமதி செய்யலாமா என்று அரசாங்கம் வாயைத் திறந்ததும் கூடாது என்று முன்னாள் வேளாண் அமைச்சர் சரத் பவாரே கடிதம் எழுதினார். நாலு மாடு வைத்திருக்கிறவனுக்கு மாதக் காசு பாலில்தான் வருகிறது. ஊத்துக்குளியில் பிறந்தவனுக்கு வெண்ணெய் பற்றிச் சொல்லித் தர வந்துவிட்டார்கள்.

மல்லேஸ்வரம் மாமி:
ஊத்துக்குளி, ஊத்துக்குளி என்று எத்தனை தடவை? சரி, 1970-ல் வெண்மைப் புரட்சி ஆரம்பித்ததே ஐரோப்பாக்காரன் இலவசமாகக் கொடுத்த பால் பவுடரையும் பட்டர் ஆயிலையும் (தண்ணீர் நீக்கிய வெண்ணெய்க் கொழுப்பு) வைத்துத்தானே? அன்றைக்கு இனித்தது இன்றைக்குக் கசக்கிறதா?

ஊத்துக்குளியான்:
மாமி, அதை விற்ற காசில் இங்கே பால் கூட்டுறவு சொசைட்டி கட்டினார்கள். இவர் கேட்பது அந்தச் சொசைட்டியை இடிக்க.

ஏரிக்கரை (அல்சூர்):
ஐரோப்பா, நியூசிலாந்து எல்லாம் சுற்றிவிட்டு வந்தாயிற்றா? என் கேள்வி அப்படியே கிடக்கிறது. 28 லிட்டர்.

பாகுபதம்:
ஸ்ரீராமபுரத்தில் 19 வருடமாகப் பலகாரம் போடுகிறேன், ஒரு வார்த்தை சொல்லட்டுமா தம்பிகளா? 15 கிலோ வெண்ணெய்ப் பெட்டி உருக்கினால் 12 கிலோ நெய் கைக்கு வர வேண்டும். வெள்ளை நுரை பொங்கி, அடியில் படபடவென்று பேசிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அடங்குகிற நேரத்தில் முருங்கைக் கொத்து ஒன்றைப் போட்டு இறக்கிவிடணும். போன் வந்தது என்று அந்தப் பக்கம் திரும்பினால் போச்சு, கசண்டு கறுத்து நெய் கசந்துவிடும். போன ஆடியில் ஒரு வியாபாரி கொடுத்த பெட்டியில் பதினொன்று கூடத் தேறவில்லை. அரை மணி நேரம் கூடுதலாகப் படபடத்தது, அவ்வளவும் தண்ணீர். கேட்டால், எருமை வெண்ணெய் அக்கா, அப்படித்தான் இருக்கும் என்கிறான். நல்ல மஞ்சளாக இருக்கிற எருமை வெண்ணெயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏரிக்கரை (அல்சூர்):
கேட்டுக்கொள்ளுங்கள்! அக்காவே சொல்லிவிட்டார், எல்லாம் கலப்படம்!

பாகுபதம்:
நான் ஒரு பெட்டியைத்தான் சொன்னேன்.

மல்லேஸ்வரம் மாமி:
முருங்கையா? நெய்க்கு வெற்றிலை போடுவதுதான் முறை. முருங்கை போட்டால் நெய் கீரை வாடை அடிக்கும்.

பாகுபதம்:
மாமி ஒரு நாள் கடைக்கு வந்து பாருங்கள், அப்புறம் வாடை பற்றிப் பேசலாம்.

ஊத்துக்குளியான்:
வெற்றிலை, முருங்கை எல்லாம் அப்புறம். இந்த 28-க்கு இன்றைக்கே கருமாதி செய்துவிடுகிறேன். கிலோ கணக்கே வையுங்கள், 28 லிட்டரே வையுங்கள். கொழுப்பை எடுத்த பின் மிச்சமாகும் 27 லிட்டர் பாலைச் சாக்கடையிலா ஊற்றுகிறார்கள்? அதைப் பவுடராக்கினால் இரண்டரைக் கிலோ வரும். கிலோ 200 என்று வைத்தால் 500 ரூபாய். மாட்டுக்காரருக்குப் பால் லிட்டர் 35 என்று வைத்தால் 28 லிட்டருக்கு 980. அதில் 500 போனால் நெய்யின் தலையில் விழுவது 480. மேலே ஆலைக் கூலி, டப்பா, லாரி, கடைக்காரர் கமிஷன், 5 சதவீத வரி. 700 தாராளமாகக் கட்டுப்படியாகும். உங்கள் மச்சான் பாதிப் பாலைக் கீழே கொட்டிவிட்டு ஐயோ நஷ்டம் என்று ஒப்பாரி வைக்கிறார்.

ஏரிக்கரை (அல்சூர்):
என்று வைத்தால், என்று வைத்தால்! எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? அவ்வளவு தாராளமாகக் கட்டுப்படியாகிறது என்றால் தொண்ணூறு ஏன் ஏற்றினார்கள்? ஆமாம், பவுடர் விலை 200 என்று உங்களுக்கு யார் சொன்னது?

ஊத்துக்குளியான்:
குறைத்தே வைத்தேன் ஐயா. கூடுதலாக வைத்தால் நெய் இன்னும் மலிவாகத்தான் ஆகும். பெருக்கல் தெரிந்தவருக்குக் கழித்தல் தெரியாதா? எல்லாக் கேள்விக்கும் நான் ஒருத்தனே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவருக்காவது கணக்கு வருகிறதா என்று பார்த்தால் இல்லை.

சில்க்போர்டில் சிக்கியவன்:
சிக்னல் விழுந்துவிட்டது. போகிற போக்கில் ஒன்று. ஓசூர் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆவின் வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லேஸ்வரம் மாமி:
நாற்பது கிலோமீட்டர் போய் நெய் வாங்குவதா? பெட்ரோலை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஏரிக்கரை (அல்சூர்):
ஊத்துக்குளியான் சார், கிலோ வேறு லிட்டர் வேறு என்று காலையிலிருந்து வகுப்பு எடுக்கிறீர்கள். போன தீபாவளிக்கு ஊரிலிருந்து நெய் கொண்டுவந்து எங்கள் ஒன்பது வீட்டுக்குக் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கிலோ 900 என்று காசு வாங்கினீர்கள். ஊற்றிக் கொடுத்தது லிட்டர் படியில். அன்றைக்கு அந்த 90 கிராம் எங்கே போனது?

ஊத்துக்குளியான்:
அது அசல் எருமை நெய்.

ஏரிக்கரை (அல்சூர்):
எருமை நெய் லிட்டருக்குக் கூடுதலாக எடை நிற்குமா?

ஊத்துக்குளியான்:
பஸ்ஸில் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்குக் கூலி கேட்டேனா? பேசப்படுவது சந்தை விலை. தனிப்பட்ட விஷயத்தை இழுக்கிறவருக்குக் கையில் வாதம் இல்லை என்று அர்த்தம்.

பாகுபதம்:
எனக்கும் அன்றைக்குக் குறைந்துதான் இருந்தது தம்பி. பெரிய விஷயமா என்று சொல்லவில்லை.

மல்லேஸ்வரம் மாமி:
ஒன்பது வீட்டுக்குத் தொண்ணூறு கிராம். 810 கிராம்! கிட்டத்தட்ட இன்னொரு லிட்டர்!

ஊத்துக்குளியான்:
இப்போது மட்டும் எல்லோருக்கும் கணக்கு வருகிறது. சரி, கணக்கே பேசலாம். அந்த நெய் வந்த எவர்சில்வர் தூக்கு மூன்று இன்னும் திரும்பி வரவில்லை. அல்சூர் வீட்டில் ஒன்று இருக்கிறது. மூடியில் என் அம்மா பெயர் வெட்டியிருக்கும்.

ஏரிக்கரை (அல்சூர்):
தூக்கு வரும். 90 கிராம் வந்ததும்.