சீத்தா பூத்துக் கொட்டுகிறது, காய் இல்லை. ஒற்றை மரம் என்பதாலா?

மாடிவீடு_மதுரை:
கொல்லையில் ஒரே ஒரு சீத்தா மரம். சித்திரையிலிருந்து பூத்துக் கொட்டுகிறது, காயை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதி ஒரு பக்கம் சப்பை. தேனீக்கள் எல்லாம் முருங்கையில்தான் மொய்க்கின்றன. ஒரே பூவில் ஆண் பாகம், பெண் பாகம் இரண்டும் இருக்கிறதே, தானாகக் காய்க்க வேண்டாமா? இன்னொரு மரம் வைக்கணுமா?

பச்சைக்கை:
போரான் நுண்சத்து தெளித்துப் பாருங்க.

தோப்புக்காரர்:
போரான் இருக்கட்டும், முதலில் பூவைப் பிரித்துப் பாருங்கள். மூன்று தடித்த இதழ்கள் லேசாக வாய் திறந்த பூவில், நடுவிலுள்ள கூம்பு ஈரமாக மினுங்கும், தொட்டால் பிசுபிசுக்கும். அது பெண் நிலை. சுற்றியுள்ள மகரந்தப்பைகள் அப்போது இறுகி மூடியிருக்கும். பிறகு இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும்போது பார்த்தால் கூம்பு காய்ந்துபோயிருக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் நேரம் ஒத்துவராது. தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்க மரம் செய்யும் ஏற்பாடு இது. நோயும் இல்லை, சத்துக்குறைவும் இல்லை.

தேனீக்கு அந்தப் பூவில் வேலையே கிடையாது. நுழைவது பொடிப்பொடி வண்டுகள்தான். சித்திரை வெயிலில் கூம்பு சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால்தான் மழை தொட்டதும் காய் பிடிக்கும். சப்பைக்கும் காரணம் இதுதான். கூம்பில் உள்ள ஒவ்வொரு சூலகமும் தனித்தனியாகக் கருவுற்றால்தான் அந்த இடத்தில் சுளை திரளும். மகரந்தம் படாத பக்கம் அமுங்கிவிடும்.

வெயில் ஏறுமுன் நன்றாக விரிந்த பூக்களைப் பறித்துக் காகிதத்தில் தட்டுங்கள். சிறு பிரஷில் தொட்டு, பாதி திறந்த பூவின் கூம்பைச் சுற்றிலும் தடவுங்கள். சுற்றிலும் என்பது முக்கியம், அவசரப்பட்டால் மறுபடி சப்பைதான்.

மாடிவீடு_மதுரை:
அதே மரத்து மகரந்தம் போதுமா ஐயா? மாடியில் டிராகன் பழச் செடியும் இருக்கிறது, பூக்கிறது, உதிர்கிறது.

தோப்புக்காரர்:
சீத்தாவுக்குப் போதும். அங்கே தடை நேரம் மட்டும்தான், பிரஷ் அதைத் தாண்டிவிடும். டிராகன் கதை வேறு. சிவப்புச் சதை ரகங்கள் பலவற்றில் சொந்த மகரந்தத்தை எவ்வளவு தடவினாலும் செடி ஏற்காது. ஒரே செடியிலிருந்து வெட்டிய பதியன்களை வரிசையாக வைத்தாலும் பலனில்லை, எல்லாம் அந்த ஒரே செடிதான். நர்சரியில் இதைச் சொல்லவே மாட்டார்கள். வேறு ரகத்துச் செடி ஒன்று வையுங்கள். பூ ராத்திரியில் விரியும், விடிந்து வெயில் வந்தால் வாடிவிடும். அதனால் டார்ச்சோடு மாடிக்குப் போக வேண்டியதுதான்.

பச்சைக்கை:
அப்போ என் போரான்?

தோப்புக்காரர்:
மண்ணில் குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் தாராளமாகத் தெளிக்கலாம்.