தொலைதூர ஊர்களில் வீடு கட்டும் திறனை எப்படி வளர்ப்பது?

கேள்வி:
சாலை சரியாக எட்டாத ஊர்களில் நிதி வந்தாலும் வீட்டு வேலை நகர்வதில்லை. செங்கல், சிமென்ட் ஏற்றி வரும் வண்டிக்கூலியே பணத்தைத் தின்றுவிடுகிறது. வெளியூர்க் கொத்தனார் கட்டிவிட்டுப் போனபின் கூரை ஒழுகினால் பார்க்க ஆளில்லை. எங்கே தொடங்குவது?

பதில் 1:
மண்ணிலிருந்து. கைநெம்புகோலால் மண்கல் அழுத்தும் சின்வா-ராம் கருவி 1950களில் கொலம்பியாவில் இதற்காகவே உருவானது. மின்சாரம் வேண்டாம், சூளை வேண்டாம், மண்ணோடு 5 முதல் 10 சதவீதம் சிமென்ட் போதும். ஆனால் எல்லா மண்ணும் ஆகாது. கண்ணாடிப் புட்டியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் அப்படியே விடுங்கள், மணல் அடியிலும் வண்டல் நடுவிலும் களி மேலேயும் படியும். களி அதிகமென்றால் கல் காயும்போது வெடிக்கும், மணல் சேர்க்க வேண்டும்.

பதில் 2:
அப்புறம், அடித்த கல்லை வெயிலில் போட்டுவிடாதீர்கள். மூடி ஈரமாக வைத்து, 28 நாள் பொறுங்கள். நாங்கள் ஒரே வாரத்தில் சுவர் எழுப்பினோம், விரலால் தேய்த்தாலே முனைகள் உதிர்ந்தன.

பதில் 3:
சரி, ஆனால் கல்லைவிட ஆள்தான் முக்கியம். முதல் வீட்டையே பயிற்சிக்களமாக்குங்கள், ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் அஸ்திவாரம் முதல் கூரை வரை கொத்தனாரோடு நிற்கட்டும், கட்டாயம் கூலியோடு. கூலி இல்லாத பயிற்சிக்கு இரண்டாவது வாரம் யாரும் வரமாட்டார்கள், அவர்களுக்கும் அடுப்பு எரியவேண்டுமே.