அம்மாவைக் கூட்டிக்கிட்டு அகம் பேண்ட் கச்சேரிக்குப் போறேன், போய் வந்தவங்க வழி சொல்லுங்க

மதுரைப் பக்கம் திருமங்கலத்துலருந்து எழுதுறேன். அடுத்த மாசம் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல, கர்நாடக சங்கீதத்தை ராக்கோட கலந்து வாசிக்கிற அகம் பேண்ட் வாசிக்கிறாங்க. காலேஜ் நாள்லருந்து இயர்போன்லயே கேட்டுக்கிட்டு இருந்தவளுக்கு, நேர்ல இதான் முதல் தடவை.

சிக்கல் என்னன்னா, அம்மாவும் வர்றேன்னு நிக்கிறாங்க. அந்த பேண்டோட பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் எலெக்ட்ரிக் கிடாரோட பாடின தியாகராஜர் கீர்த்தனையைக் கேட்டுட்டு, "சத்தம் ஜாஸ்தி, ஆனா சுருதி விலகலடி"ன்னாங்க. அவங்க வாயில அது பெரிய சர்டிபிகேட். மதுரை தல்லாகுளத்துல அழகர் எதிர்சேவைக்கு வருசாவருசம் முட்டி மோதி நின்ன மனுஷி, கூட்டத்துக்கெல்லாம் பயப்பட மாட்டாங்க. இப்ப முழங்கால்தான் ஒத்துழைக்கல.

விலை குறைஞ்ச டிக்கெட்ல நின்னுக்கிட்டேதான் பார்க்கணுமாம். வயசானவங்கன்னு கேட்டா ஒரு பிளாஸ்டிக் சேராவது போடுவாங்களா, இல்ல கூடக் காசு போனாலும் உட்கார்ற டிக்கெட்டே எடுத்துரவா? ஸ்பீக்கர்லருந்து எவ்வளவு தள்ளி இருந்தா காது தப்பிக்கும்? காதுல பஞ்சு வச்சா வயலின் கேக்குமா?

போறதுக்கு வைகை எக்ஸ்பிரஸ்ல போட்டாச்சு. திரும்புறதுதான் குழப்பம். ராத்திரி பத்து மணிக்கு மேல முடிஞ்சா, மதுரை பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போயாகணும். நந்தனத்துலருந்து மெட்ரோவுல ஏர்போர்ட் போய் அங்க பஸ் பிடிக்கிறதா, இல்ல சைதாப்பேட்டையில எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி வண்டலூர்ல இறங்குறதா? அந்த நேரத்துல ஆட்டோவுக்கு எவ்வளவு கேப்பாங்க? ரூம் போடலாம்னா, "மாட்டுக்கு யாருடி தண்ணி காட்டுறது"ங்கிறாங்க.

மழை வந்தா கச்சேரியைத் தள்ளி வைப்பாங்களா, காசு திரும்பக் கிடைக்குமான்னும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.