வகுப்பறைக் கேலி கைப்பேசிக்குள் நுழையும்போது: ஆய்வுகளும் நாங்கள் கண்டவையும்

பள்ளி ஆலோசகர், மதுரை:

இணையவழித் துன்புறுத்தலைப் பற்றிப் படித்தவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, 2017-இல் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் லூசி போவ்ஸும் வெளியிட்ட ஆய்வு. இங்கிலாந்தில் 15 வயதுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளை ஆராய்ந்த அவர்கள், இணையத்தில் மட்டும் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றும், இணையத்தில் சீண்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் நேரிலும் சீண்டப்பட்டவர்களே என்றும் கண்டனர். ஆகவே இணையக் கேலியைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை என்று சக ஆசிரியர் ஒருவர் வாதிட்டார். எனக்கு அதே எண்கள் வேறொன்றைச் சொல்கின்றன: வகுப்பில் தொடங்கிய கேலிதான் கைப்பேசி வழியாகவும் பின்தொடர்கிறது.

என்னிடம் அனுப்பப்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நிறத்தைச் சொல்லி வகுப்பில் ஏற்கெனவே கேலி செய்யப்பட்டவள். சுற்றுலாவில் எடுத்த அவளுடைய படத்தை யாரோ வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். அதன்பின் வீட்டுப்பாடம் பற்றிய உரையாடலிலும், பிறந்தநாள் வாழ்த்துக்கு நடுவிலும், அவளோடு தொடர்பே இல்லாத இடங்களிலெல்லாம் அவள் முகம் வந்து விழுந்தது. துன்புறுத்தல் என்பதற்கு நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் வகுத்த இலக்கணத்தில், தீங்கு செய்யும் நோக்கம், வலிமை ஏற்றத்தாழ்வு ஆகியவற்றோடு, திரும்பத் திரும்ப நிகழ்வதும் ஒரு கூறு. ஸ்டிக்கரை உருவாக்கிய மாணவனோ, தான் ஒரே ஒருமுறைதான் அனுப்பியதாகச் சொன்னான், அது உண்மையும்கூட. திரும்பச் செய்யும் வேலையை மற்றவர்களின் விரல்கள் பார்த்துக்கொண்டன.

அவள் இரவில் உறங்குவதை விட்டிருந்தாள், காலையில் வயிற்றுவலி என்று விடுப்பு எடுத்தாள். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை; சொன்னால் கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம். பிடுங்கினாலும் வகுப்பில் சிரிப்பு நிற்கப்போவதில்லை, என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது மட்டும் தெரியாமல் போகும் என்று அவள் சொன்னபோது, மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

உளவியல் ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்:

அம்மா, நீங்கள் குறிப்பிட்ட உறக்கமின்மையை நானும் நேர்காணல்களில் அடிக்கடி கேட்கிறேன். ஆனால் எது முந்தியது என்று பிரித்தறிவது கடினம். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை நள்ளிரவு வரை இணையத்தில் இருப்பதும், நண்பர்கள் குறைந்திருப்பதால் எளிதில் சீண்டப்படுவதும் உண்டு. இத்துறையின் ஆய்வுகள் பலவும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகள் என்பதால், தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர காரணத்தை உறுதிப்படுத்துவதில்லை.

தொடர்பு வலுவானது என்பதில் மட்டும் ஐயமில்லை. சுவான்சீ பல்கலைக்கழகத்தின் ஆன் ஜான் தலைமையிலான குழு 2018-இல் வெளியிட்ட மீளாய்வில், 30 நாடுகளைச் சேர்ந்த 1,50,000-க்கும் மேற்பட்ட இளையோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இணையத்தில் துன்புறுத்தப்பட்டவர்கள் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. நான் சந்தித்த ஒரு கல்லூரி மாணவர், தன்னை இழிவுபடுத்திய பின்னூட்டங்கள் நீக்கப்பட்ட பிறகும் அவை இருந்த பக்கத்தை நாள்தோறும் திறந்து பார்ப்பதாகக் கூறினார். பதிவு நீக்கப்பட்டதோடு கேள்விகளை முடித்துக்கொள்ளும் ஆய்வு வினாத்தாளில் இந்தப் பழக்கத்துக்கு இடமே இல்லை.

ஆசிரியர், திருச்சி:

அந்த மீளாய்வில் இன்னொன்றும் உண்டு: துன்புறுத்துகிறவர்களுக்கும், அந்த அளவுக்கு இல்லாவிடினும், தற்கொலை எண்ணங்கள் வரும் ஆபத்து கூடுதலாகவே காணப்பட்டது. எங்கள் பள்ளியில் போலிக் கணக்கு தொடங்கி வகுப்புத் தோழனை வசைபாடிய மாணவன், முந்தைய ஆண்டு வேறொரு குழுவில் வசைபாடப்பட்டவன். அவனை இடைநீக்கம் செய்ததோடு கோப்பை மூடிவிட்டார்கள். ஆலோசகரிடம் அனுப்பவே இல்லை. இது இன்றும் எனக்கு உடன்பாடில்லாத முடிவு.

பெற்றோர் கேட்டால் நான் சொல்வது இதுதான்: அழிப்பதற்கு முன் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930 நிதி மோசடிக்கு மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள்; ஆபாசப் படம் அல்லது மிரட்டல் என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளை உறங்காமலும் உண்ணாமலும் இருந்தால், புகாருக்குக் காத்திராமல், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் பேசலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.