செங்கோட்டை பாசஞ்சரில் புத்தகம் வாசிக்க முடியுமா?

கல்லிடைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை வாசகர் கூட்டத்தில் ஒருவர் பேசினார். "படிக்க நேரமில்லை என்பது சோம்பேறி சொல்கிற சாக்கு. செங்கோட்டை பாசஞ்சரில் வேலைக்கு வருகிறவனுக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கிறது" என்றார். கைதட்டல் வேறு. செங்கோட்டையிலிருந்து நெல்லைக்கு வருகிற அந்தக் காலை வண்டியில் ஏறிய ஆள் பேசுகிற பேச்சா இது? தென்காசி, பாவூர்சத்திரம், ஆழ்வார்குறிச்சி, அம்பை என்று எல்லா ஊர்க்காரர்களும் ஏறின பிறகுதான் வண்டி கல்லிடைக்குறிச்சிக்கு வருகிறது. சீட்டு கிடையாது. ஒரு கை கம்பியில், மறு கையில் சாப்பாட்டுப் பை. புத்தகத்தை எந்தக் கையில் பிடிக்க?

பாளை வாசகன்:
பேசியது நான்தான். நின்றுகொண்டே செல்போன் பார்க்கிறீர்களே, அதை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்? நம்ம ஊரில் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டே நாவல் எழுதி, 1997-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார் தோப்பில் முகமது மீரான். உங்களுக்கு வாசிக்கக்கூட முடியவில்லை.

கல்லிடைக்காரன்:
அவர் செங்கோட்டை பாசஞ்சரில் நின்றுகொண்டா எழுதினார்? செல்போனுக்குக் கட்டைவிரல் போதும். புத்தகத்தில் பக்கம் திருப்ப இன்னொரு கை வேண்டும். சீட்டு இல்லை என்கிறேன், அதற்குப் பதில் சொல்லும்.

தென்காசிச் சாரல்:
சீட்டு இல்லை என்பது பொய். நான் தினமும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டுதான் வருகிறேன்.

கல்லிடைக்காரன்:
துண்டு போட்டு நாலு பேருக்கு இடம் பிடிக்கிற கூட்டம் நீங்கள்தானா? கீழ் ஊர்க்காரன் எல்லாம் நிற்க, நீங்கள் சாய்ந்துகொண்டு இலக்கியம் வாசிப்பீர்கள்.

தென்காசிச் சாரல்:
அண்ணாச்சி, வார்த்தையை அளந்து பேசுங்கள். முதலில் ஏறுகிறவன் உட்காரத்தான் செய்வான்.

முக்கூடல் அக்கா:
எங்கள் ஊருக்கு ரயிலே கிடையாது. நாங்கள் பீடி சுற்றுகிறவர்கள், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மடியில் தட்டு இருக்கும். இலையை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட இரண்டு கையும் வேண்டும். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் முன்பெல்லாம் பீடி சுற்றும் இடத்தில் ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிப்பாராம், மற்றவர்கள் வேலை பார்த்துக்கொண்டே கேட்பார்களாம். எங்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு செய்யுங்களேன். அதை விட்டுவிட்டு எங்களையும் சோம்பேறி என்றால் எப்படி?

பாளை வாசகன்:
காதால் கேட்பது வாசிப்பா அக்கா? மனசு இருந்தால் ராத்திரி பத்துப் பக்கம் படிக்கலாம்.

முக்கூடல் அக்கா:
ராத்திரி உங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் தம்பி?

கல்லிடைக்காரன்:
அக்கா கேட்டது நியாயம். ஆனால் சீட்டு விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. காலை வண்டியில் கல்லிடையில் ஏறி, சேரன்மகாதேவி வரைக்குமாவது ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும்.

பாளை வாசகன்:
வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு முன்னால், போன ஆனித் தேரோட்டத்துக்கு வந்தபோது என் வீட்டில் வாங்கிக்கொண்டு போன சிறுகதைத் தொகுப்பைத் திருப்பிக் கொடும்.

கல்லிடைக்காரன்:
அதை உம்ம மச்சினன் கையில் அப்போதே கொடுத்தாயிற்று.

பாளை வாசகன்:
அவன் வாங்கவே இல்லை என்கிறான்.