இருபது நிமிடத்தில் அணைந்துவிடும் மடிக்கணினி: போர்டை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

பல்லடம் தறிக்காரர் (கேள்வி):

வணக்கம். பல்லடத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு தறிகள் வைத்துக் கூலிக்கு நெய்து கொடுத்துவருகிறேன். பாவு நூல் வந்த கணக்கு, துணி போன கணக்கு, ஆட்களின் வாரக்கூலி என எல்லாமே 2019ஆம் ஆண்டு வாங்கிய ஒரு மடிக்கணினிக்குள்தான் இருக்கின்றன. எட்டாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க் கொண்டது. ஒரு மாதமாக, போட்ட இருபது நிமிடத்துக்குள் எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துவிடுகிறது. உடனே மறுபடி போட்டால் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. மதியச் சாப்பாட்டை முடித்து வந்து போட்டால் பழையபடி இருபது நிமிடம் ஓடுகிறது. அணைவதற்கு முன் உள்ளிருக்கும் விசிறி பலமாக இரைகிறது. இடப்பக்கக் கீலும் விரிசல் விட்டிருக்கிறது.

திருப்பூரில் ஒரு கடையில் காட்டியபோது, திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது, மாற்றுவதற்கு 14,500 ரூபாய் ஆகும் என்றார்கள். இதே வேலைக்குப் போதுமான புதியது வரியோடு 45,000 ரூபாய். கோவையில் கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்கும் ஒன்று தேவைப்படுவதால், புதியதைக் கடைக் கணக்கில் வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டு, இதைச் சரிசெய்து நான் வைத்துக்கொள்ளலாமா என்றும் ஓர் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

காந்திபுரம் சர்வீஸ்காரர்:

அண்ணா, வணக்கம். போர்டு போயிருக்கிறது என்று நான் இப்போது நம்பமாட்டேன். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது. ஆறவிட்டால் ஓடுகிறது, சூடாக இருக்கும்போதே போட்டால் சீக்கிரம் அணைகிறது என்றால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்வதற்காக நின்றுபோகிறது என்று பொருள். ஏறக்குறைய 100 டிகிரியைத் தொடும்போது அது முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியையே அணைத்துவிடும். போர்டில் மின்பகுதி பழுதாகியிருந்தால் பெரும்பாலும் இப்படி நேரம் பார்த்து நடக்காது. குளிர்ந்திருக்கும்போதும் அணையும், சில நேரம் போடவே வராது.

கணினி தறிக்குடோனுக்குள் இருக்கிறதா? பல்லடம், சோமனூர்ப் பக்கத்திலிருந்து வருபவற்றைத் திறந்தால் விசிறிக்கும் சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயின் முனையில் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கும் இடையில் பஞ்சு ஒரு திரியைப் போல அழுந்திக் கிடக்கும். சாதாரணத் தூசி தகடுகளுக்குள் புகுந்து ஓரளவு வெளியேறிவிடுகிறது. பஞ்சோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வாயிலிலேயே துணி நெய்துவிடுகிறது. விசிறி எவ்வளவு சுற்றினாலும் காற்று வெளியே போக வழியில்லை. அதை எடுத்துவிட்டு, பிராசசரின் சூட்டைக் குழாய்க்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துப் புதிது தடவினால் பெரும்பாலானவை சரியாகிவிடுகின்றன. என் கடையில் இதற்கு 800 ரூபாய்தான்.

ஒரு வேண்டுகோள். பக்கத்து ஆட்டோலூம் குடோனில் கம்ப்ரசர் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காற்றடித்துவிடாதீர்கள். அந்தக் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும், பஞ்சு இன்னும் உள்ளே தள்ளப்படும், பிடிக்காமல் விட்ட விசிறி கண்டபடி சுற்றி அதன் பேரிங் கெட்டுவிடும். எந்தக் கடைக்குக் கொடுத்தாலும் உங்கள் எதிரில் திறக்கச் சொல்லுங்கள். போர்டை மாற்றியே ஆகவேண்டும் என்றால், அது புதியதா, வேறொரு கணினியிலிருந்து கழற்றியதா, எத்தனை மாதம் பொறுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஈரோடு கணக்கர்:

பழுதைப் பற்றி மேலே எழுதியவருக்கே தெரியும். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, காம்போசிஷன் முறையில் (விற்றுமுதலில் சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை) இல்லாமலும் இருந்தால், தொழிலுக்கென வாங்கும் கணினியின் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். 45,000 ரூபாயில் அது சுமார் 6,860 ரூபாய். ஆகவே உங்களுக்கு உண்மை விலை 38,140 ரூபாய்தான். வருமான வரியில் அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. பழுதுபார்ப்புச் செலவையோ அந்த ஆண்டிலேயே முழுதாகக் கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் கடைக் கணக்கில் வாங்கி மகளிடம் கொடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். படிப்புக்குப் போகும் கணினி தொழிலுக்கானது ஆகாது. அதற்கு வரவு எடுப்பது தவறு. அவளுக்கு வேண்டியதைத் தனியாக, உங்கள் சொந்தப் பணத்தில் வாங்குங்கள். இரண்டு தேவைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் உங்களுக்கு முடிவெடுக்க வரவில்லை என்று நினைக்கிறேன்.

அவிநாசி கணினி ஆசிரியை:

சுத்தம் செய்வது சரிதான். ஆயினும் ஏழு ஆண்டுகளை நெருங்கும் ஹார்டு டிஸ்க்கில் மட்டும் கணக்குகளை வைத்திருப்பது போர்டைவிடப் பெரிய கவலை. சரிசெய்யக் கொடுப்பதற்கு முன் ஆறவிட்டுப் போட்டு, அந்த இருபது நிமிடத்தில் டேலி போன்ற கணக்கு மென்பொருளில் உள்ள தரவுகளைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்களுடையது எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏற்கும். ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் புதிது வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். எப்படியும் திறக்கிறார்கள் என்றால், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தில் வேறுபாடு முதல் நாளே தெரியும். டச்பேடு மேலெழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், குத்தி அழுத்தவும் வேண்டாம்.

பல்லடம் தறிக்காரர்:

மூவருக்கும் நன்றி. தரவுகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காந்திபுரம் போய் என் எதிரிலேயே திறக்க வைத்தேன். தகட்டின் மேல் கட்டைவிரல் கனத்தில் வெள்ளைப் பஞ்சு. உரித்து எடுத்தபோது ஒரே துண்டாக வந்தது. என் தறியில்கூட அவ்வளவு நெருக்கமாக நெய்ததில்லை. ஆசிரியை அம்மா சொன்னபடி பேட்டரியும் ஓரத்தில் உப்பியிருந்தது. டச்பேடு ஒருபக்கம் இறுகிப்போனதற்குக் காரணம் அதுதானாம். சுத்தம் செய்தது, பேட்டரி, 512 ஜிபி எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 8,300 ரூபாய் ஆயிற்று. மூன்று நாட்களாகக் காலை முதல் இரவு வரை ஓடுகிறது, அணையவில்லை. கீலுக்கு மூடிப்பகுதி முழுவதும் மாற்ற வேண்டும் என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டு, திறந்தது திறந்தபடியே குடோனை ஒட்டிய அறையில், கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். மகளுக்கு வேண்டியதை அடுத்த மாதம் தனியாக வாங்கப்போகிறோம். அவளுடைய துறைக்கு எவ்வளவு ரேம் வேண்டும் என்பதைத் தனிக் கேள்வியாக இடுகிறேன்.