காத்தான்குடிச் சாறி

சுனாமி வந்த அண்டு எனக்கு 12 வயசு. எங்கட வீடு மட்டக்களப்பு கல்லடியில, கடலுக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) லீவு வேற. சத்தம் கேட்டு அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினா, பிறகு சனம் ஓடின பக்கமே நாங்களும் ஓடி கடைசியில முஸ்லிம் ஆக்கள்ற ஊரான காத்தான்குடியில போய் நிண்டம். அம்மாட சாறி வேலிக்கம்பியில மாட்டி எங்கயோ போயிட்டு, பாவாடையும் சட்டையுமா நடுரோட்டில கைய நெஞ்சோட கட்டிக்கொண்டு நிண்டா. ஒரு சாறிக்கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மார அப்பிடித்தான் சொல்லுற) ஷட்டரத் தூக்கிப்போட்டு ஓடி வந்து "தங்கச்சி முதல்ல இதச் சுத்துங்க" எண்டு ஒரு பச்சைக் கொட்டன் சாறிய நீட்டினார், அவர் அம்மாட முகத்தப் பாக்கல்ல, தலையக் குனிஞ்சுகொண்டுதான் குடுத்தார், அது எனக்கு இண்டைக்கும் ஞாபகம். விலைத்துண்டு கூடக் கழட்டல்ல, 475 ரூபா.

இவ்வளவுக்கும் அவங்கட ஊரிலயும் கடற்கரைப் பக்கம் மையத்து, செத்த உடம்புகள, எடுத்துக்கொண்டிருந்தாங்க. அதோட எங்களுக்குச் சோறாக்கியும் போட்டாங்க.

அந்த ஊருக்கு 1990 ஆகஸ்ட் 3 எண்டு ஒரு நாள் இருக்கு. பள்ளிவாசல்ல தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல சுட்டுக் கொலை செஞ்சாங்க, தமிழ் இயக்கம்தான் செஞ்சது எண்டுதான் அவங்க சொல்லுவாங்க. அது நடந்து 14 வருஷம்தான். அப்பிடியிருந்தும் தமிழ் ஆக்களான எங்களப் பாத்து ஒருத்தரும் கதவச் சாத்தல்ல.

பிறகு என்ன, நிவாரணம் எந்த ஊருக்கு எவ்வளவு எண்டு வந்த உடனே எல்லாம் பழையபடிதான். அரசாங்கமும் புலிகளும் சேந்து நிவாரணம் குடுக்கிறதுக்கு 2005 ஜூன்ல ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்த மாசமே கோர்ட் அதின்ட முக்கியமான பகுதிகளுக்குத் தடை போட்டுது. அடுத்த வருஷம் திரும்பவும் சண்டை.

ஆனா அம்மா அந்தக் கடைய விடல்ல. தீபாவளி, பொங்கல், எங்கட சாமத்தியம், எல்லாத்துக்கும் உடுப்பு அங்கதான்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சு எத்தின சின்னப்பிள்ளையள் போச்சுது. அண்டு நாடு முழுக்க நடந்த தாக்குதலுக்குத் தலைமை தாங்கினவன் காத்தான்குடிக்காரன் எண்டு தெரிஞ்ச உடனே எங்கட ஆக்கள் முஸ்லிம் கடைப்பக்கம் போறத நிப்பாட்டிட்டாங்க. உண்மையச் சொன்னா எனக்கும் கோவம்தான், ஃபோன்ல கண்டதையும் ஷேர் பண்ணிக்கொண்டிருந்தன். அம்மாவும் கொஞ்ச நாள் ஒண்டும் பேசல்ல, எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளையும் அதில போயிட்டுது.

ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் பின்னேரம் அலுமாரியத் திறந்து அந்தப் பச்சைச் சாறிய எடுத்து உடுத்துக்கொண்டு "வா, ஒரு துவாய் வாங்கணும்" எண்டா. சாயம் போய் வெளிறின சாறி. வேணாம் அம்மா, சனம் பாக்கும் எண்டு சொன்னன். "பாக்கட்டும், அதுக்குத்தான் உடுத்தன்" எண்டா.

கடை பாதி ஷட்டரோட கிடந்தது, உள்ள சாமான் வாங்க வந்த ஆக்கள் ஒருத்தரும் இல்ல, காக்கா மட்டும்தான். காக்காக்கு வயசு போய்ட்டு, எங்களக் கண்ட உடனே எழும்பி நிண்டார், ஆனா வாங்க எண்டு கூப்பிடக் கூடத் தயங்கினார். அம்மா ஒண்டும் சொல்லல்ல, ரெண்டு துவாய் எடுத்து காசை மேசையில வச்சா. அவர் காசத் தொடல்ல. சாறியத்தான் பாத்தார். "இது நம்மட கடையிலதா தங்கச்சி?" எண்டு கேட்டார். அம்மா "475" எண்டா. அவர் கண்ணத் துடைச்சுக்கொண்டு போய் ஷட்டர முழுசாத் தூக்கி விட்டார்.

இப்ப டிசம்பர் 26 காலமை 9.25க்கு நாடு முழுக்க ரெண்டு நிமிஷம் மௌனம் இருக்கிறம்தானே, அது முடிஞ்ச கையோட அம்மாட ஃபோன் அடிக்கும். காக்காதான். என்ன சமைச்ச, முழங்கால் நோ எப்பிடி, தம்பிட பிள்ளைக்கு எத்தின வயசு, இதுகள்தான் கதை.